உழவன் போடும் கணக்கு

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதனைக் கேட்போருள் பலர், உழவனுக்குக் கணக்குத் தெரியாது, ஆதலால் அவன் நட்டத்திலேயே உழல்கிறான் என்று பொருள் கொண்டுவிடுகின்றனர். உழக்குக்கூட மிஞ்சாது என்பதை அவன் எங்ஙனம் அறிந்தான்? கணக்குப் பார்த்தமையால் அன்றோ அறிந்தான்! பழமொழியை உண்டாக்கியவனே உழவன்தான். விதைநெல், எரு, நடவுக்கூலி, களைக்கூலி, அறுவடைக்கூலி, வட்டி என ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே வந்து, இறுதியில் வெறுங்கையைக் கண்டவனின் வாய்மொழி அது.

இந்தக் கணக்கை மறந்துவிட்டுத்தான் இன்று நாம் உழவனுக்கு அறிவுரை கூறப் புறப்படுகிறோம். மண்ணின் வளமும் நிலத்தடி நீரும் குன்றாவண்ணம், இன்று விளைவது நாளையும் விளையுமாறு பயிர் செய்வதை ‘நீடித்த வேளாண்மை’ என்கிறோம். சொட்டுநீர்ப் பாசனம், ஒற்றை நாற்று நடவு, பசுந்தாள் உரம், நஞ்சில்லாப் பயிர்ப் பாதுகாப்பு, மரபு நெல் வகைகளை மீட்டெடுத்தல் ஆகியன அதன் கூறுகள். இவை நல்லவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இவற்றைச் சிறு உழவர் விரைந்து ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்று கேட்டால், மேடைதோறும் ஒரே விடை கிடைக்கிறது: “உழவரிடம் விழிப்புணர்வு இல்லை.”

இவ்விடை சரியானதன்று என்பதே நம் கருத்து. சிறு உழவர் ஒரு புதுமுறையை ஏற்பதும் மறுப்பதும் பெரும்பாலும் ஒரே வினாவைப் பொறுத்தே அமைகின்றன. ‘இது பொய்த்துப்போனால் அந்த இழப்பு யார் தலையில் விழும்?’ என்பதே அவ்வினா. இதற்குத் தக்க விடை கிடைத்த இடங்களில் அவர்கள் ஏற்றிருக்கிறார்கள். கிடைக்காத இடங்களில் எத்தனை ஊர்வலம் நடத்தினும் ஏற்றிலர்.

சிறு நிலத்தின் இயல்பு

முதற்கண் சிறு உழவர் என்போர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இரண்டு ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 5 ஏக்கர் வரை நிலம் உடையோர் சிறு, குறு உழவர் ஆவர். 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளுள் நூற்றுக்கு 86 இவ்வகையின. தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 93. தமிழ்நாட்டில் ஓர் உடைமையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர், நம் வழக்கில் சொன்னால் இரண்டு ஏக்கருக்கும் குறைவு. ஆகவே, தமிழ்நாட்டில் வேளாண்மை என்றாலே அது சிறு உழவரின் வேளாண்மைதான்.

ஐம்பது ஏக்கர் உடையவர் இரண்டு ஏக்கரில் ஒரு புதுமுறையைச் சோதித்துப் பார்க்கிறார் என்று கொள்வோம். அது தோற்றால் அவருக்கு அஃது ஒரு பாடம். ஈரேக்கர் உடையவர் அதே ஈரேக்கரில் அதே முறையைக் கையாண்டு தோற்றால், அவ்வாண்டுக்குரிய உணவும், பிள்ளையின் கல்விக் கட்டணமும், கூட்டுறவுக் கடனின் தவணையும் ஒருங்கே போய்விடுகின்றன. முறை ஒன்றே, நிலத்தின் அளவும் ஒன்றே, விளைவு மட்டும் வெவ்வேறு. இவ்வேறுபாட்டை நம் அறிவுரைகள் கருத்தில் கொள்வதேயில்லை.

ஆய்வாளர்கள் சராசரி விளைச்சலைக் கூறுவர். பத்தாண்டுகளில் சராசரியாக இவ்வளவு கூடும் என்பர். சிறு உழவரோ அப்பத்தாண்டுகளில் மிகக் கெட்ட ஆண்டு எது, அதில் எவ்வளவு குறையும் என்று கேட்கிறார். சராசரியைக் கண்டு மகிழ்வதற்கு முன் அந்தக் கெட்ட ஆண்டைத் தாண்டியாக வேண்டும் அல்லவா? அவர் போடும் கணக்கு நம் கணக்கினும் நுட்பமானது என்பதை இதனால் உணரலாம்.

ஒற்றை நாற்றின் வரலாறு

நம் மண்ணிலேயே நிகழ்ந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மடகாஸ்கர் தீவில் உழவரிடையே பணியாற்றிய ஆன்றி தெ லோலானியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1980களின் தொடக்கத்தில் ஒரு நெல் சாகுபடி முறையை வகுத்தார். இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, சதுர இடைவெளி விட்டு நடுதல். வயலில் நீரைத் தேக்கி வைக்காமல், மண்ணில் மயிரிழை போன்ற வெடிப்புக் காணும்போது மீண்டும் நீர் பாய்ச்சுதல். உருளைக் கருவியால் களையைச் சேற்றிலேயே அமுக்கி விடுதல் ஆகியன அதன் அடிப்படைகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டு முதல் இதனை ஆய்ந்தது. 2003-04இல் தாமிரபரணி, காவிரிப் பாசனப் பகுதிகளில் உழவர்களின் சொந்த வயல்களிலேயே சோதனை நடந்தது. தாமிரபரணிப் பகுதி வயல்களில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை டன் நெல் கூடுதலாகக் கிடைத்தது.

இம்முறைக்குத் தமிழில் இட்ட பெயர்கள் தமிழ்த் துறையினராகிய நம் கவனத்திற்கு உரியவை. அலுவல் வழக்கில் முதலில் ‘திருந்திய நெல் சாகுபடி’ என்றனர். பின்னர்ச் ‘செம்மை நெல் சாகுபடி’ என்ற பெயரும் வழங்கியது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் ‘இராஜராஜன் 1000’ என்றும் பெயர் சூட்டினர். உழவரோ ‘ஒற்றை நாற்று நடவு’ என்றே சொல்லிவருகின்றனர். ‘திருந்திய’ என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பாருங்கள். இது திருந்தியது எனின், தந்தையும் பாட்டனும் செய்தது திருந்தாதது என்றாகிறது. ‘ஒற்றை நாற்று’ என்னும் சொல்லில் அத்தகைய தீர்ப்பு ஏதுமில்லை. செய்ய வேண்டிய செயல் மட்டுமே உள்ளது. பெயரிலேயே குற்றம் சுமத்திவிட்டு ஒருவரை நம் பக்கம் அழைத்தல் அரிது.

இனி, யார் ஏற்றனர், யார் ஏற்றிலர் என்பதைக் காண்போம். இம்முறையில் விதைச் சிக்கனம் கண்கூடு. ஏக்கருக்கு 20 முதல் 30 கிலோ வரை விதைத்த இடத்தில் 2 அல்லது 3 கிலோவே போதும். 8 சென்ட் நாற்றங்கால் வேண்டிய இடத்தில் ஒரு சென்ட் போதும். இந்த ஆதாயம் முதல் நாளிலேயே கைக்கு வந்துவிடுகிறது; பருவம் பொய்த்தாலும் மிச்சமான விதைநெல் மிச்சமே. ஆதலின் இதனை ஏற்கப் பலரும் தயங்கவில்லை.

நீர்ச் சிக்கனமோ வேறு கதை. கடைமடையில் இருக்கும் உழவருக்கு வாய்க்காலில் அடுத்த முறை நீர் எந்நாள் வரும் என்பது உறுதியன்று. வரும்போது வயல் நிறையத் தேக்கிக்கொள்வதே அவருக்குக் காப்பு. அவரிடம் போய், ‘வெடிப்புக் காணும் வரை காத்திருங்கள்’ என்பது, நாளைய சோற்றுக்கு உறுதியில்லாதவரிடம் இன்றைய சோற்றைக் குறைத்துண்ணச் சொல்வதை ஒக்கும். கிணறும் பம்புசெட்டும் உடையவர் காத்திருக்க இயலும். ஆனால் தமிழ்நாட்டில் 1990 முதல் வேளாண் பம்புசெட்டு மின்சாரத்திற்குக் கட்டணமில்லை. எனவே நீரைச் சேமிப்பதால் அவர் கையில் ஒரு காசும் மிஞ்சுவதில்லை. கிணறு வற்றத் தொடங்கிய ஊர்களில் மட்டும் நீர்ச் சிக்கனம் அவருக்கே உடனடித் தேவையாகிறது. அங்கே அவர் தாமே முன்வருகிறார். மற்ற இடங்களில் சேமித்த நீரின் பயன் ஊருக்கு. வரப்பில் நின்று நீரை மடை மாற்றும் உழைப்பு மட்டும் அவருக்கு. ஊருக்குப் பயன்படும் வேலைக்கு ஊர் கூலி கொடுக்காதபோது, தனியொருவர் அதனைச் செய்யவில்லை என்று குறை கூறுதல் எங்ஙனம் நேர்மையாகும்?

உழைப்பையும் எண்ண வேண்டும். பதினான்கு நாள் வயதுடைய பிஞ்சு நாற்றை வேரறாமல் எடுத்து, கயிறு பிடித்து, ஒவ்வொன்றாக நடுவதற்குப் பொறுமையும் பழக்கமும் வேண்டும். விரைந்து நட்டுப் பழகிய நடவுப் பெண்கள் முதலாண்டில் தயங்குவது இயல்பே. களைக்கருவியோ இறுகிய களிமண்ணில் எளிதில் உருளாது. அதனைத் தள்ளும் வேலை ஆண்களிடம் செல்லும்போது, களையெடுப்பில் பெண்கள் ஈட்டிவந்த கூலி குறைகிறது. ஆகவே ஒரு முறையை ஏற்பது நில உடையவர் ஒருவரின் முடிவு மட்டுமன்று. அவ்வயலில் கால் பதிக்கும் அனைவரின் வாழ்வும் அதில் கலந்திருக்கிறது.

இதன் விளைவாகப் பல உழவர் இம்முறையை முழுமையாக ஏற்காமல், பகுதி பகுதியாக எடுத்துக்கொண்டனர். விதையைக் குறைத்தனர், இடைவெளியைக் கூட்டினர், நீரை மட்டும் பழையபடி தேக்கினர். இதனை அரைகுறை என்பாரும் உளர். நாம் அதனைத் தேர்ச்சி என்கிறோம். தம் வயலுக்குப் பொருந்துவதைக் கொண்டு, பொருந்தாததை விடுத்த அறிவு அது.

அயலார் வயலே பள்ளி

அவ்வாறாயின் உழவரை ஏற்கச் செய்வது எது? இக்கேள்வியை முறைப்படி ஆராய்ந்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 அளவில் வீரிய மக்காச்சோள விதை அறிமுகமாயிற்று. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்னும் சமூகவியலார் இருவர் அங்குள்ள 259 உழவர்களை ஆராய்ந்து 1943இல் தம் முடிவை வெளியிட்டனர். 1941க்குள் இருவர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் அவ்விதையை ஏற்றிருந்தனர். விதையைப் பற்றிய செய்தியைப் பலர் முதலில் விற்பனையாளரிடமிருந்து கேட்டனர். ஏற்பதற்குரிய நம்பிக்கையையோ அண்டை அயலாரிடமிருந்து பெற்றனர். முதலில் நிலத்தின் சிறு பகுதியில் மட்டும் விதைத்துப் பார்த்து, பின்னரே விரிவுபடுத்தினர். அவ்விதை நீடித்த வேளாண்மைக்கு உரியதா என்பது வேறு வாதம். உழவர் மனம் இயங்கும் வழியை அவ்வாய்வு காட்டியது என்பதே ஈண்டு நாம் கொள்ள வேண்டுவது. செய்தி வேறு, நம்பிக்கை வேறு. செய்தியை எவரும் தரலாம். நம்பிக்கையை, தம்மைப் போன்றே இழக்கக் கூடியவர் ஒருவர்தாம் தர இயலும்.

நம் டெல்டாவில் நெல் ஜெயராமன் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தார். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் வழியில் நின்ற அவர், 2018இல் மறையும் வரை மரபு நெல் வகைகளைத் திரட்டிப் பரப்பினார். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வந்த உழவர்களுக்கு 2 கிலோ விதைநெல் அளித்தார். விலை வாங்கவில்லை, மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தந்தால் போதும் என்றார். இவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கவனியுங்கள். கைப்பணம் வேண்டாம், கடன்பத்திரம் வேண்டாம், இரண்டு கிலோவை வயலின் ஒரு மூலையில் விதைக்கலாம், பொய்த்தால் போவது ஒரு மூலையே. விளைந்தால், திரும்பி வரும் நான்கு கிலோ மேலும் இருவருக்குச் சோதனை விதையாகும். இழப்பைச் சிறிதாக்கிவிட்டார், துணிவு தானே வந்தது.

இன்னோர் எடுத்துக்காட்டு அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், இன்றைய தெலங்கானாவில் உள்ள புனுகுலா என்னும் சிற்றூர். பருத்தி விளைவித்த அவ்வூரார் பூச்சிக்கொல்லிக்காகக் கடன்பட்டனர். மருந்து விற்ற கடைக்காரரே கடனும் கொடுத்தார். விளைந்த பருத்தியையும் அவருக்கே விற்க வேண்டியிருந்தது. தொண்டு நிறுவனங்களின் துணையோடு சிலர் வேப்பங்கொட்டைச் சாறு, மிளகாய் பூண்டுக் கரைசல் முதலியவற்றைக் கையாண்டு பார்த்தனர். மருந்துச் செலவு நின்றதும் கடைக்காரரின் பிடி தளர்ந்தது. அதைக் கண்டு மற்றவரும் தொடர்ந்தனர். ஊரே பூச்சிக்கொல்லியைக் கைவிட்டது. அவர்களை ஈர்த்தது சுற்றுச்சூழல் பற்றிய சொற்பொழிவன்று, கடனிலிருந்து விடுதலை. மண்ணுக்கு வந்த நன்மை அவ்விடுதலையின் பின்னே வந்தது.

ஆணையால் ஆகாதது

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி நம் அண்டை நாடாகிய இலங்கையில் நேர்ந்தது. 2021ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு உடனே மாற வேண்டும் என்றது. போதிய இயற்கை உரமும் இல்லை. மாறுவதற்கு இடைக்காலமும் இல்லை. உழவர் தெருவில் இறங்கினர். அவ்வாண்டு நவம்பருக்குள் தடையைத் தளர்த்த நேர்ந்தது. ஆயினும் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. குறிக்கோள் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஒரு மூலையில் சோதித்துப் பார்க்கும் உரிமையை உழவரிடமிருந்து பறித்து, இழப்பு முழுவதையும் அவர் தலையில் ஏற்றிய வழி தவறானது. அதனால் இயற்கை வேளாண்மை என்னும் சொல்லே அங்குப் பழிக்கு ஆளாயிற்று.

அரசின் ஆணை தவறெனின், அரசின் மானியம் போதுமா? தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு உழவருக்கு முழு மானியம் அளிக்கும் திட்டம் நடைமுறையில் இருந்துவருகிறது. பலர் அதனால் பயன் பெற்றுள்ளனர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மானியம் கருவிக்கு உரியது. கருவி அமைத்த பின் வரும் இடர்களுக்கு உரியதன்று. நீரில் உள்ள உப்புப் படிந்து துளைகள் அடைபடும். அணிலும் எலியும் குழாய்களைக் கடிக்கும். பழுது பார்க்க ஆள் கிடைக்காத ஊரில் இலவசமாக வந்த குழாய் சுருட்டப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போகிறது. அதைக் காட்டி, இலவசத்தின் அருமை உழவருக்குத் தெரியவில்லை என்று பேசுவோர், பழுது பார்ப்பவர் எத்தனை கல் தொலைவில் இருந்தார் என்று கேட்டதுண்டா?

நிலம் ஒருவர்க்கு, ஏர் ஒருவர்க்கு

இதுவரை கூறியன நிலம் உடைய சிறு உழவரைப் பற்றியன. நிலமே இல்லாமல் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. இதனை இம்மலரைப் படிக்கும் பெரியோர்கள் பொறுமையுடன் கேட்டருள வேண்டுகிறோம். ஏனெனில் நம்முள் பலர் ஊரில் நிலத்தை வைத்துவிட்டு, வணிகத்தின் பொருட்டும் வேலையின் பொருட்டும் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்பவர்கள். நம் நிலத்தை உழுவோர் பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகையினரே.

பசுந்தாள் உரமிட்டு மண்ணை வளப்படுத்தினால் அதன் முழுப்பயன் ஒரே பருவத்தில் கிட்டிவிடாது. ஆண்டுகள் செல்லச் செல்லவே மண் தேறும். அடுத்த ஆண்டு இந்நிலம் தம்மிடம் இருக்குமோ இராதோ என்று அறியாதவர், எவருக்காக மண்ணைத் தேற்றுவார்? அவருக்கு இவ்வாண்டு விளைச்சல் ஒன்றே கணக்கு. அதற்கு விரைந்து பயன் தருவது மூட்டை உரமே. மேலும் மானியத்திற்கும் கடனுக்கும் பயிர்க் காப்பீட்டிற்கும் சிட்டா, அடங்கல் முதலிய சான்றுகள் வேண்டும். நிலத்தின் பட்டா ஒருவர் பெயரில் இருக்க, வியர்வை வேறொருவருடையதாக இருக்கையில், அச்சான்றுகள் அவருக்கு எளிதில் கிட்டுவதில்லை. புயலில் பயிர் சாய்ந்தால் இழப்பு அவருடையது. இழப்பீடோ பட்டா உடையவரின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது.

குத்தகை உழவரைக் காக்க 1955ஆம் ஆண்டுச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டில் உள்ளன. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்னும் அச்சத்தால் உடையவர் எழுதுவதில்லை. கேட்டால் நிலமே கிடைக்காதோ என்னும் அச்சத்தால் உழுபவர் கேட்பதில்லை. இவ்விரு அச்சங்களுக்கும் இடையில் மண் மெலிகிறது.

நாம் செய்யத்தக்கன

குறை கூறி முடித்தல் எளிது. செய்யத்தக்கன யாவை எனக் கூறுதலே கடமை. நிலம் உடைய பெரியோர்கள் ஆண்டுக்கு ஆண்டு என்றில்லாமல் ஐந்தாண்டுக்கேனும் குத்தகையை உறுதி செய்து எழுத்தில் தரலாம். ஏக்கரில் கால் பங்கில் புதுமுறையைச் சோதிக்கும் குத்தகையாளருக்கு, அக்கால் பங்கின் குத்தகையை முதலாண்டு விட்டுக்கொடுக்கலாம். இது தருமமன்று, நம் நிலம் வளம் பெறுவதற்கு நாம் ஏற்கும் பங்கு.

மாணவர்களுக்கும் ஒரு சொல். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது, பதாகை ஏந்தி உழவருக்கு விழிப்புணர்வு ஊட்டும் வேலையை ஒரு நாள் நிறுத்திவையுங்கள். அவரிடம் அமர்ந்து, “ஐயா, இம்முறையை ஏன் கைவிட்டீர்கள்?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் காரணத்தை அவர் சொற்களிலேயே எழுதி வாருங்கள். தமிழ்த் துறை மாணவர்க்கு அதனினும் சிறந்த களப்பணி இல்லை. உங்களுள் பலரின் தந்தையரும் அத்தையரும் அவ்வயல்களில்தாம் நிற்கின்றனர்.

திருக்குறளின் ‘உழவு’ அதிகாரத்தை வகுப்பில் பயின்றவர்கள் நாம். உழுதல், எருவிடல், களை நீக்கல், நீர் பாய்ச்சல் ஆகிய யாவற்றையும் எண்ணிய வள்ளுவர், பயிரைக் காத்தலை நீர் பாய்ச்சுதலினும் மேலாக வைத்தார். விளைந்த பயிருக்கே அத்துணைக் காப்பு வேண்டுமெனின், அதனை விளைவிப்போர்க்கு வேண்டாவோ? புதிய வழியில் அவர் வைக்கும் முதலடி சறுக்கினால் தாங்குவதற்குச் சில கைகள் உண்டு என்னும் உறுதியை அவருக்கு அளிப்போம். அதன்பின் எம்முறையை ஏற்பது, எதனை விடுப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கணக்கு அவருக்குத் தெரியும்.